ஹானர்ஸ் ஆண்டு என்றால் என்ன? இளைஞர் பணி படிப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஹானர்ஸ் என்ற சொல்லைத் தமிழில் ‘கௌரவ’ என்று போட்ட அன்றே குழப்பம் தொடங்கிவிட்டது. பட்டமளிப்பு விழாவில் ஒரு பெரியவருக்கு மரியாதையாகக் கொடுக்கும் கௌரவ கலாநிதிப் பட்டமும், மாதக் கணக்கில் அலைந்து ஆய்வேடு எழுதிப் பெறும் ஹானர்ஸ் பட்டமும் பெயரளவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. போதாக்குறைக்கு, படிக்கும் பாடம் இளைஞர் பணி என்றால் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும்: “பொடியன்மாருக்கு வேலை எடுத்துக் குடுக்கிறதா?”

இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துப் பார்ப்போம். பிறகு அந்த ஓராண்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம்.

இளைஞர் பணி எது, எது இல்லை

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ மூதூரிலோ பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு வொலிபோல் திடலைப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அங்கே நிற்கிறான். காலையில் பள்ளிக்கூடம் போனான். போகாவிட்டால் இடாப்பில் சிவப்புக் கோடு விழும். பிறகு டியூஷன், போகாவிட்டால் வீட்டுக்குத் தகவல் வரும். திடலுக்கு மட்டும்தான் அவன் தானாக வருகிறான். பிடிக்காவிட்டால் நாளைக்கு வரமாட்டான், யாரும் கேட்க முடியாது.

அப்படித் தானாக வருகிற, எப்போதும் விலகிப் போகக்கூடிய இடத்தில் ஓர் இளைஞரோடு நம்பிக்கையான உறவை வளர்த்து, அவருடைய தன்னம்பிக்கையும் தீர்மானம் எடுக்கும் திறனும் வளரத் துணை நிற்பதுதான் இளைஞர் பணி. ஆசிரியர் வேலைக்குப் பாடத்திட்டம் உண்டு. உளவளத்துணையாளரிடம் ஒரு பிரச்சினையோடு போகிறோம். இளைஞர் பணியாளரிடம் வருகிறவர் நோயாளியும் இல்லை, மாணவரும் இல்லை. சிரமதானம் நடத்துவதும் விளையாட்டுப் போட்டி வைப்பதும் இந்தப் பணிக்கான வழிகள். அவை மட்டுமே பணி ஆகிவிடாது. இலங்கையில் அரசு சார்ந்த இளைஞர் கழகங்கள் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் பொறுப்பான இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் போனால் அந்தப் பகுதியின் கழகங்கள் தெரியவரும்.

வயது எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை இளைஞர் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிபரங்களில் 15 முதல் 24. ஆனால் சிறுவர் உரிமைகள் சாசனப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் சிறுவர். ஆகவே 15, 16, 17 வயதினர் ஒரே நேரத்தில் இளைஞரும் சிறுவரும் ஆவர். இந்த மூன்று வயது பின்னால் உங்களுக்குப் பெரிய வேலை வைக்கும்.

ஹானர்ஸ் ஆண்டு எங்கே இருக்கிறது

நாட்டுக்கு நாடு இது மாறும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்காண்டு ஹானர்ஸ் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். கிரெடிட் என்பது படிப்பின் எடையை அளக்கும் அலகு. நம்மூரில் “ஸ்பெஷல் செய்தவர்” என்று பழையவர்கள் சொல்வது இந்தச் சிறப்புப் பட்டத்தைத்தான். அதற்கான தெரிவு பெரும்பாலும் ஆரம்ப ஆண்டுப் பெறுபேறுகளை வைத்து நடக்கும். ஆய்வு நான்காம் ஆண்டில் வந்து நிற்கும்.

அவுஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டத்தை முடித்துவிட்டு, விரும்பினால் தனியாக இன்னோர் ஆண்டு படிப்பதே பெரும்பாலும் ஹானர்ஸ் ஆண்டு. அங்கே இளைஞர் பணி தனித் துறையாகவே படிப்பிக்கப்படுவதால் “இளைஞர் பணியில் ஹானர்ஸ் ஆய்வு ஆண்டு” என்ற பேச்சு அந்தப் பக்கத்திலிருந்தே அதிகம் வருகிறது. முதல் வகுப்பில் தேறினால் முதுமாணியைத் தாண்டி நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். இங்கிலாந்தில் ஹானர்ஸ் என்பது மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தனி ஆண்டு இல்லை. வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில் ‘ஹானர்ஸ்’ என்று கண்டதும் நம் அர்த்தத்தில் வாசித்தால் பிழையாகிப்போகும்.

இங்கே இருந்து படிப்பவர் இளைஞர் பணி என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி என்று பக்கத்துத் துறைகள் உண்டு. ஆய்வுத் தலைப்பை இளைஞர் பணியில் எடுப்பதற்கு அந்த வாசல்கள் போதும்.

இதுவரை: இளைஞர் பணியின் அடையாளம் ‘தானாக வருவதும் விலக முடிவதும்’. ஹானர்ஸ் ஆண்டின் அடையாளம் ஆய்வு. இரண்டும் ஒரே ஆளின் கையில் சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் மீதிக் கட்டுரை.

அசைன்மென்ட் என்ற ஒப்படைக்கும் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்

நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டுக் கிணறு உவர்க்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். “நிலத்தடி நீர் உவராதல்” பற்றி நான்கு புத்தகம் பார்த்துப் பத்துப் பக்கம் எழுதினால் அது ஒப்படை. “இந்தக் கிணறு ஏன், எப்போதிலிருந்து?” என்று கேட்டால் ஆய்வு. இரண்டாவதற்குப் புத்தகம் மட்டும் காணாது. பக்கத்து வளவுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டர் போட்டது எந்த மாதம், மழை கடைசியாக எப்போது பெய்தது, கிணற்றின் ஆழம் என்ன என்று விசாரிக்க வேண்டும். கிடைத்த பதில் உங்கள் முதல் ஊகத்துக்கு எதிராக இருந்தால் ஊகத்தைக் கைவிட வேண்டும்.

இதையே இளைஞர்களிடம் செய்வதற்கு முதலில் கிணறு அளவுக்குச் சின்னக் கேள்வி வேண்டும். ஹானர்ஸ் ஆய்வுகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். “திருகோணமலை இளைஞர்களும் போதைப்பொருளும்” என்று ஒரு தலைப்பு வரும். பதினொரு பிரதேச செயலகப் பிரிவு, மூன்று சமூகம், இரண்டு மொழி, பதினான்கு வயது வித்தியாசம். ஒரு ஆளால், ஓராண்டில், ஒரு பஸ் சீசன் டிக்கெட்டில் முடியாது. முன்பின் தெரியாதவரிடம் போதைப்பொருள் பற்றி யாரும் உண்மை கதைக்கப் போவதும் இல்லை.

வெட்டிச் சுருக்கிப் பாருங்கள். “மூதூர்ப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் 18 முதல் 20 வயதினர், இளைஞர் கழகத்துக்குப் போவதா விடுவதா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?” இடம், வயது, நிலைமை, செயல் எல்லாம் இதில் இருக்கின்றன. எல்லோரும் 18 தாண்டியவர்கள் என்பதால் பெற்றோர் அனுமதிச் சிக்கலும் இல்லை. முக்கியமாக, பதில் என்னவென்று கேட்பவருக்கே இன்னும் தெரியாது. பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வி பிரசாரத்துக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது.

யாரைக் கேட்பது: பானைச் சோறும் கரைவலையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. இளைஞர்கள் அப்படி ஒரே உலையில் வெந்தவர்கள் அல்ல. மொத்தப் பேரிலிருந்து நாம் கேட்பதற்குத் தெரிந்தெடுக்கும் சிலரை மாதிரி என்கிறோம். மாதிரி எப்படி அமைகிறது என்பதற்குக் கரைவலை நல்ல உவமை: வலைக் கண்ணின் அளவும் எந்தப் பாட்டில், அதாவது கடலின் எந்த இடத்தில், வலை வளைத்தார்கள் என்பதுமே வலையின் மடியில் என்ன மீன் கிடக்கும் என்பதைத் தீர்மானிக்கும். மடியைப் பார்த்துவிட்டு “கடலில் இந்த மீன்தான் இருக்கிறது” என்று யாரும் சொல்வதில்லை.

வட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவத்தைப் போட்டு நூறு பதில் சேர்த்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நூறு பேர் யார்? போன் வைத்திருப்பவர், டேட்டா உள்ளவர், உங்கள் நண்பரின் நண்பர். கழகத்தை விட்டு விலகியவர் அந்தக் குழுவிலேயே இருக்கமாட்டார். உங்கள் கேள்விக்கோ அவர்தான் முக்கியம்.

மேலே சொன்ன மூதூர்க் கேள்விக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேருடன் ஆறுதலான நேர்காணல் போதும். பாதிப்பேர் கழகத்துக்கு வருபவர், பாதிப்பேர் விட்டவர் அல்லது வராதவர். ஆண், பெண் இருபாலும். “எத்தனை வீதம்?” என்று கேட்டால் படிவமும் பெரிய மாதிரியும் வேண்டும். “எப்படி, ஏன்?” என்று கேட்டால் சில பேரிடம் ஆழமாகக் கதைப்பது வேண்டும். கேள்விதான் முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். வினாக்கொத்தை முதலில் அச்சடித்துவிட்டுப் பிறகு கேள்வி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சம்மதம்: இந்தத் துறையின் முள்

கழகத்தில் மூன்று வருடமாக நெட்போல் பழக்கும் அக்கா ஒருவர் ஹானர்ஸ் ஆய்வு செய்கிறார் என்று கொள்வோம். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக இருத்தி, “எனக்கு ஒரு இன்டர்வியூ தருவீங்களா பிள்ளைகள்?” என்று கேட்கிறார். பன்னிரண்டு பேரும் “ஓம் அக்கா” என்கிறார்கள். அவர்கள் உண்மையில் சம்மதித்தார்களா?

இல்லை என்றே எடுக்க வேண்டும். அடுத்த மெட்ச்சில் யாரை இறக்குவது என்று தீர்மானிப்பவர் கேட்கும்போது, மற்றப் பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘மாட்டேன்’ என்ற சொல் வாயில் வராது. தானாக வந்து தானாகப் போகிற இடமாக இருந்த கழகம் அந்த ஐந்து நிமிடத்துக்கு வகுப்பறையாகிவிட்டது. மற்றத் துறைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும் இளைஞர் பணியில் இது அடித்தளத்தையே தொடுகிறது. ஆய்வுக்காக அந்த உறவைப் பிழிந்தால், ஆய்வு முடிந்த பிறகு உறவு மிஞ்சாது.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வால் பங்குபற்றுவோருக்குத் தீங்கு வராதா என்று முன்கூட்டியே பரிசீலித்து அனுமதி தரும் குழு, இதைத்தான் துருவித் துருவிக் கேட்கும். அதற்குச் செய்யக்கூடிய ஏற்பாடுகள் எளியவை. அழைப்பை நீங்கள் விடாமல் கழகத்தோடு சம்பந்தப்படாத ஒருவர் விடட்டும். கூட்டத்தில் கையெழுத்து வாங்காமல் தாளைக் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். விரும்புகிறவர் தானாக அழைக்கட்டும். பழக்கும் குழுவை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்க் கழகத்தில் ஆய்வு செய்வது எல்லாவற்றிலும் சுகம். பஸ் காசும் ஒரு தேத்தண்ணியும் கொடுக்கலாம். பெரிய பரிசு கொடுத்தால் அதுவே மறுக்க முடியாத இழுப்பாகும்.

18 வயதுக்குக் கீழானவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் அனுமதியும் வேண்டும், பிள்ளையின் சொந்த இணக்கமும் வேண்டும். அம்மா கையெழுத்து வைத்துவிட்டார் என்பதற்காகப் பிள்ளை கதைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் போவதானால் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு வாரங்கள் போகும்.

படிவத்தின் மொழியையும் பாருங்கள். “இவ்வாய்வில் பங்குபற்றுவதற்கு எனது பூரண சம்மதத்தை இத்தால் வழங்குகின்றேன்” என்று எழுதினால் பதினாறு வயதுப் பிள்ளை வாசிக்காமலே கையெழுத்திடும். “நான் விரும்பித்தான் கதைக்கிறேன். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். இடையில் நிறுத்தலாம். நிறுத்தினால் என்னை யாரும் ஏசமாட்டார்கள், கழகத்தில் என் இடம் மாறாது” என்று எழுதினால் அது சம்மதப் படிவம். தமிழ், சிங்களம் இரண்டிலும் தேவைப்படலாம். ஒன்றை எழுதி மற்றதற்கு அப்படியே மாற்றாமல், அந்த மொழி பேசும் இளைஞர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. “கிண்ணியா, 22 வயது, நெட்போல் கெப்டன், தகப்பன் கடலுக்குப் போகிறவர்” என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரே சொல்லிவிடும். ஊரைப் பொதுவாக்குங்கள், வயதை 20–24 என்று விரியுங்கள், பதவியை விடுங்கள். எல்லாவற்றையும் இரகசியமாக வைப்பேன் என்றும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு சிறுவருக்குத் துன்புறுத்தல் நடப்பது தெரியவந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்கு உண்டு. இந்த எல்லையை நேர்காணல் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளை அழுதுகொண்டு சொன்ன பிறகு விதியை எடுத்து விரிப்பது துரோகம் போல் படும்.

சுருக்கமாக: சம்மதம் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்ல உண்மையில் இடம் இருந்ததா என்பதே சோதனை.

கேட்டதை எப்படி அறிவாக்குவது

“கழகம் உங்களுக்கு உதவியாக இருந்ததா?” என்று கேட்டால் “ஓம், நல்லா இருந்தது” என்று வரும், அதோடு கதை முடிந்தது. “கடைசியாக எப்ப போனீங்க? அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். நாள், இடம், ஆள் என்று சம்பவம் வரும்.

ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுப்பதை எழுத்தாக்கம் என்கிறோம். பிறகு வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு துண்டும் எதைப் பற்றியது என்று ஓரத்தில் சின்னப் பெயர் வைப்பது குறியிடல். விளக்கத்துக்காக ஒரு வரி:

“நெட்போல் எண்டா அம்மா விடுவா. கூட்டம் எண்டா விடமாட்டா. கூட்டத்துல ஆம்பிளப் பிள்ளைகளும் இருப்பாங்க எண்டு.”

‘வீட்டு அனுமதி’ என்று ஒரு குறி வைக்கலாம். ‘விளையாட்டும் கூட்டமும் வேறு’ என்று இன்னொன்று. ‘ஊர் என்ன சொல்லும் என்ற பயம்’ என்று மூன்றாவது வைக்கக் கை துடிக்கும். நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை பயம் என்று சொல்லவில்லை, ஊர் என்றும் சொல்லவில்லை. அது வாசிக்கிறவரின் தலையில் இருப்பது. அடுத்த நேர்காணலில் “அம்மா ஏன் அப்படி நினைக்கிறா?” என்று கேட்கலாம், குறியாக வைக்க முடியாது. பத்து நேர்காணலிலும் ஒன்றோடொன்று சேரும் குறிகளைக் கூட்டினால் கருப்பொருள் எழும். ஒத்துவராத ஆளை ஒளிக்காதீர்கள். ஒன்பது பேர் ஒன்று சொல்லி ஒருவர் வேறு சொன்னால், அந்த ஒருவர்தான் பெரும்பாலும் ஆய்வேட்டின் நல்ல பக்கத்தைத் தருவார்.

ஒலிப்பதிவு பற்றி ஒன்று: டச்சு விரிகுடாக் கரையில் இருந்து கதைப்பது மனதுக்கு இதம், பதிவுக்குக் கேடு, காற்று மட்டுமே கேட்கும். மின்விசிறிக்குக் கீழேயும் வேண்டாம். ஒரு நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கோப்புக்கு ஆளின் பெயரை வைக்காமல் இலக்கம் வையுங்கள்; இலக்கமும் பெயரும் உள்ள பட்டியல் வேறிடத்தில் பூட்டில் இருக்கட்டும்.

நேரக் கணக்கு

இலங்கைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது சாதாரணமாக 50 கற்றல் மணித்தியாலம். ஆய்வுக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். உங்கள் ஆய்வேடு 8 கிரெடிட் என்றால் 800 மணித்தியாலம். வாரம் 20 மணித்தியாலம் போட்டால் 40 வாரம். “கடைசி மூன்று மாதத்தில் அடிச்சு முடிப்பம்” என்ற திட்டம் இந்தப் பெருக்கலிலேயே உடைந்துவிடும்.

நாற்பத்தைந்து நிமிட நேர்காணல் பத்து என்றால் ஏழரை மணித்தியால ஒலி. ஒரு மணித்தியால ஒலியை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணித்தியாலம் போகும். ஆகவே எழுத்தாக்கம் மட்டும் 30 முதல் 45 மணித்தியாலம். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மேற்கோள்களை மொழிபெயர்க்கும் நேரம் இதற்கு மேல். நெறிமுறை அனுமதிக்கு ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அனுமதிக் கடிதம் கையில் வருமுன் எடுத்த நேர்காணலைப் பயன்படுத்த முடியாது.

களவேலைக்கு ஊர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் வந்தால் பாதை அடைபடும். நோன்பு மாதத்தில் பின்னேர நேர்காணல் வைப்பது நியாயமில்லை. இரவில் கடலுக்குப் போய் விடியக் கரையேறும் இளைஞரைக் காலை பத்து மணிக்கு எழுப்பினால் ‘ம்’ தவிர வேறு பதில் கிடைக்காது. சனி, ஞாயிறு டியூஷனுக்குப் போய்விடும்.

மேற்பார்வையாளரும் ஆய்வேடும்

மேற்பார்வையாளர் என்பவர் உங்கள் ஆய்வை வழிநடத்தும் விரிவுரையாளர். எழுதித் தருவதும் திருத்தித் தருவதும் அவர் வேலை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எழுதிய ஒரு பக்கத்தோடு போங்கள். “சேர், என்ன செய்யிற?” என்று வெறுங்கையோடு போனால் “வாசியுங்கோ” என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஹானர்ஸ் ஆய்வேடு பல இடங்களில் 12,000 முதல் 20,000 சொல். 15,000 என்று வைத்தால் அறிமுகத்துக்கு 1,500, முன்னையவர்கள் என்ன கண்டார்கள் என்று சொல்லும் இலக்கிய மீளாய்வுக்கு 3,500, முறையியலுக்கு 2,500, கண்டறிந்தவற்றுக்கு 4,500, அவற்றின் பொருளை ஆராய 2,000, முடிவுக்கு 1,000 என்று பிரிக்கலாம். இலக்கிய மீளாய்வு வீங்கி ஆறாயிரமாகி, இளைஞர்களின் குரல் இரண்டாயிரத்துக்குள் நசுங்குவது வழமையான விபத்து.

பைண்ட் பண்ணக் கொடுப்பதற்கு முன் இன்னொரு தாள் வேண்டும். ஆய்வில் என்ன தெரிந்தது என்று ஒரே பக்கத்தில், கதைக்கிற தமிழில், தேவையான இடத்தில் சிங்களத்திலும் எழுதி, உங்களோடு கதைத்தவர்களிடம் கொடுங்கள். “நான் அப்பிடிச் சொல்லேல்லயே” என்று ஒருவர் சொன்னால் திருத்த இன்னும் நேரம் இருக்கும். “என்ட கதைய எடுத்துடுங்க” என்று இன்னொருவர் சொன்னால், எந்தத் திகதி வரை எடுக்கலாம் என்று தாளில் முதலிலேயே எழுதியிருப்பீர்கள். அந்தத் திகதிக்குள் கேட்டால், அது எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும், எடுத்துவிட வேண்டும்.